அம்மனுக்குக் கட்டிய கூரை

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் எல்லாரும் கப்பலில் தொடங்குவார்கள். நான் தொடங்கப்போவதில்லை. ஏறினேன், வாந்தி எடுத்தேன், இறங்கினேன். கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கவும் போகவில்லை. தங்கை கமலத்தைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். மலாயாவையும் சிங்கப்பூரையும் சேர்த்து மலேசியா ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் அடிபட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான கையோடு சிங்கப்பூர் போனவள் கமலம். சாலை போடும் வேலையில் இருந்த அவள் கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அவர்கள் குடியிருந்தது வேலைக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடு. லயன் வீடு என்கிறார்கள். வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. மனிதர் போனால் அவர் பெண்டாட்டியும் போக வேண்டியதுதான். அடுத்த மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் அண்ணன் யோசிக்கவே இல்லை. "அவளுக்கு என்ன, நம்ம வீடு இருக்கு. ராஜம், நீ போய்க் கூட்டிட்டு வா" என்றார். திரும்பி வர இரண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

நம்ம வீடு என்பது உறையூரில் கல் கட்டடம், மேலே மாடி, கோடையிலும் வற்றாத கிணறு. நானும் சின்ன வயதிலேயே தாலியை இழந்து அந்த வீட்டுக்குத் திரும்பியவள்தான். ஆகவே கமலத்துக்கு என்ன சௌகரியம் காத்திருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

துறைமுகத்துக்குக் கமலம் ஒரு தோழியோடு வந்திருந்தாள். பெயர் ரோசம்மா. கழுத்தில் சிலுவை, வாயில் வெற்றிலை. என் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள அம்மிக்கல்லு வச்சிருக்கீங்களா?" என்றாள். எனக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டது, அது வேறு விஷயம்.

அங்கே திரிஷா என்று ஒரு வண்டி. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை ஒட்டவைத்தது போல இருக்கும். என்னையும் என் பெட்டியையும் ஒன்றில் ஏற்றினார்கள். வண்டிக்காரர் ஒரு சீனக் கிழவர். காலைப் பார்த்தால் விறகுக் குச்சி, மிதித்தால் மோட்டார். ஒரு திருப்பத்தில் பெட்டி சரிந்து, பூட்டு திறந்துகொண்டு, இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கும் நடுச் சாலையில் கொலுவிருந்தன. பின்னால் வந்த பஸ் நின்று, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் நின்றது. கிழவர் பதறாமல் இறங்கி, எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்து, ஒரு முறுக்கை மட்டும் கடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். பின்னால் இன்னொரு திரிஷாவில் வந்த ரோசம்மா மொழிபெயர்த்தாள். "ருசி நல்லா இருக்காம். பல்லுதான் போயிடும்ங்கிறார்." அண்ணி கை முறுக்கைப் பற்றி நானும் பல வருஷமாக அதே அபிப்பிராயம்தான் வைத்திருக்கிறேன்.

சிராங்கூன் சாலைக்குள் நுழைந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லிகை, வறுத்த மிளகாய், மாட்டுச்சாணி, கருவாடு. இவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது திருச்சி கடைவீதிக்கேதானா என்று ஒரு நிமிஷம் ஆத்திரமாக வந்தது. பிறகு பக்கத்திலேயே ஒரு சீனர் கடையில் தோலுரித்த வாத்துகள் கழுத்தில் கயிறோடு தொங்குவதைப் பார்த்தேன். சரி, வேறு ஊர்தான் என்று சமாதானமானேன்.

மறுநாள் விடியற்காலையில் கமலம் என்னைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனாள். கடைகளின் முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை ஓடுகிறது, அஞ்சடி என்பார்கள். மழையோ வெயிலோ, ஊர் முழுக்க அதிலேயே நடந்துவிடலாம். ஒரு துணிக்கடையின் அஞ்சடியில் ஓர் அம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி, துடைப்பத்தால் அந்த இடத்தைப் பெருக்கி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துச் சின்னதாகக் கோலமும் போட்டாள். கடைக்காரர் வீட்டுக்காரியாக இருக்கும் என்று நினைத்து, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றேன். அவள் சிரித்து, "முதலாளி வர்றதுக்குள்ள கிளம்பிடணும்மா" என்றாள். அலமேலு என்று பெயர். ஒரு பெரிய வீட்டில் முப்பது வருஷம் துணி துவைத்தவள். கை நடுங்க ஆரம்பித்ததும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டிருந்ததால் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின.

அந்தப் பாயை மறக்க ஒரு கோப்பி குடிக்கலாம் என்று கடையில் உட்கார்ந்தேன். டின் பாலை அடியில் ஊற்றி, மேலே தார் மாதிரி ஒரு கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் காப்பி எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "உனக்குக் கிடைக்கிறது ரெண்டாம் டிகாஷன்தானேக்கா" என்றாள் கமலம், ரொட்டியைக் கிழித்துக்கொண்டே. அண்ணன் வீட்டில் முதல் டிகாஷன் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. கோப்பி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது டம்ளரும் குடித்தேன்.

அன்று சாயங்காலம்தான் நாடகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். லயன் வீடுகளுக்குப் பின்னால், பால்காரர்கள் மாடு கட்டும் திடலில், பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் பாக்கியம் டீச்சர் நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நடிப்பவர்கள் எல்லாரும் வீடு போனவர்கள், அல்லது போகப்போகிறவர்கள். கோயில் மண்டபத்தில் படுப்பவள் ஒருத்தி, சொந்தக்காரர் வீட்டுச் சமையலறையில் படுப்பவள் ஒருத்தி, கம்பம் என்கிற குடிசைப் பகுதியில் தீப்பிடித்து எல்லாம் போனவள் ஒருத்தி. அவர்கள் நடிக்கும் கதை எது என்று கேட்டதும் நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். எங்கள் ஊர் வெக்காளியம்மன் கதை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறையூரில் ஒரு முனிவர் சாமிக்கென்று பூந்தோட்டம் போட்டிருந்தார். அந்தப் பூக்கள் திருட்டுப்போய் அரண்மனைக்குப் போயின. ராஜா கண்டும் காணாமல் இருந்தார். முனிவர் ஈசனிடம் முறையிட, ஈசன் கோபித்து மண்ணை மழையாகக் கொட்டினார். ஜனங்கள் ஓடிப்போய் வெக்காளியின் காலில் விழ, அவள் மன்றாடி மண்மாரியை நிறுத்தினாள். ஆனால் வீடெல்லாம் புதைந்துவிட்டது. என் ஜனங்களில் கடைசி ஆள் வரைக்கும் கூரை கிடைக்கிற மட்டும் எனக்கும் கூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் அம்மன் வெட்டவெளியில்தான் இருக்கிறாள். மழை பெய்தால் நனைவாள், வெயிலடித்தால் காய்வாள்.

அம்மன் வேஷம் கமலத்துக்கு. நல்ல உயரம், கணீரென்ற குரல், எங்கள் அம்மாவின் மூக்கு. விரதமிருந்து கையில் காப்புக்கூடக் கட்டியிருந்தாள். ஈசன் வேஷம் ரோசம்மாவுக்கு. "கோயில்ல ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன் அக்கா. நடிக்கலாம், கும்பிடத்தான் கூடாதுன்னார். நான் சாமியாவே வர்றேன், நான் ஏன் கும்பிடணும்?" என்றாள். மண்மாரிக்கு மரக்கடையிலிருந்து மரத்தூள் வாங்கி, முறத்தில் வைத்துத் தூற்றினார்கள். தூள் கொட்டும்போது ஒவ்வொருத்தியும் ஓடிவந்து, தன் வீடு எப்படிப் போயிற்று என்று தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். டீச்சர் அதை எழுதிக் கொடுக்கவில்லை. "அவங்க சொல்றதைவிட நான் என்னத்த எழுதிடப்போறேன்?" என்றார்.

நான் உறையூர்க்காரி என்று தெரிந்ததும் என் மவுசு ஏறிவிட்டது. சேலத்துக்காரி கதையை ஒரு விதமாகவும் தஞ்சாவூர்க்காரி வேறு விதமாகவும் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். அம்மன் எந்தத் திசை பார்த்திருக்கிறாள், புடவை என்ன நிறம், முனிவருக்குத் தாடி உண்டா. எங்கள் வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லையே, நானும் வஞ்சனையில்லாமல் சொன்னேன். முனிவரின் தாடி என் சொந்தக் கற்பனை, இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தகராறு கடைசிக் காட்சியில் வந்தது. அம்மன் ஜனங்களைப் பார்த்து, "வீடு இல்லாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்பாள். மூன்றாம் தடவை எல்லாரும் சேர்ந்து, "ஒருத்தரும் இல்லை தாயே" என்பார்கள். உடனே அங்கே கூரை வேயும் அத்தாப்பு ஓலையில் பின்னிய கூரையைத் தூக்கி அம்மன் தலைக்கு மேல் கட்டி, கற்பூரம் காட்டி மங்களம். இதற்காகவே புது ஓலை வாங்கி, வாரக்கணக்கில் உட்கார்ந்து முடைந்து வைத்திருந்தார்கள்.

"கூரை போட்டா அது வெக்காளியே இல்லை" என்றேன். "கதையே தப்பு."

"தப்புன்னு தெரியும் அக்கா" என்றார் டீச்சர். "ஆனா இவங்க தினம் நிஜத்தப் பாக்குறாங்க. ஒரு நாளாவது வேற மாதிரி பாக்கட்டுமேன்னுதான்."

"அங்க போடாததை இங்க போடுறோம், விடேன்" என்றாள் கமலம்.

நான் விடவில்லை. விடும் பழக்கம் எனக்கு இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வந்தால் வாயைத் திறப்பேன். மூன்றாம் நாள் முதல், நான் மூச்சை இழுத்தாலே எல்லாரும் சேர்ந்து "கதையே தப்பு" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

நடுவில் டுரியான் என்றொரு பழத்தையும் தின்றேன். நாற்றம் சாக்கடை, ருசி பாயசம். கடைக்காரர் அதை வெட்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்ட நான், பிறகு கொட்டையைச் சப்புவதைக் கமலம் பார்த்துவிட்டாள்.

ஒரு காலை ரோசம்மா எங்களைச் சுவா சூ காங்குக்குக் கூட்டிப்போனாள். பட்டணத்திலிருந்து எவ்வளவோ தூரம். பஸ் பாதி வழியில் புகைவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, அதை ஒரு கெட்ட மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். ஒரு மலாய்க்காரப் பாட்டி கூடையிலிருந்து வாழைப்பழப் பலகாரம் எடுத்து பஸ் முழுக்கப் பகிர்ந்து கொடுத்தாள். "பஸ் நின்னாத்தான் நாலு பேர் பேச முடியுது" என்று அவள் சொன்னதாக ரோசம்மா சொன்னாள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டரைத்தான் நாலு பேர் பேசுவார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் காய்கறித் தோட்டம். கீரை, பயற்றங்காய், எட்டத்தில் பன்றிப் பட்டி. தோட்டக்காரி ஒரு சீன அம்மாள். ரோசம்மாவிடம் வருஷக்கணக்காகக் கீரை விற்கிறவள். தோட்டத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டைக் காட்டினாள். சுவர் இருந்தது, தரை இருந்தது. அண்ணாந்து பார்த்தால் ஆகாசம் இருந்தது. அவள் மலாயில் சொன்னதை ரோசம்மா தமிழில் சொன்னாள். "வாடகை வேணாமாம். தோட்டத்துல கூட நின்னு வேலை பாக்கணுமாம். கூரை மட்டும் நாமளே போட்டுக்கணுமாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரோசம்மாவும் கணவனை இழந்தவள், அவளுக்கும் மாதக் கடைசிதான் கெடு. இருவரும் இங்கே குடியேறத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஓலைக்குத்தான் வழியில்லை.

"நாடகம் முடிஞ்சதும் அந்த ஓலைய எடுத்துக்கிட்டா என்ன அக்கா?" என்றாள் ரோசம்மா.

"அம்மன் தலைக்கு மேல கட்டிக் கற்பூரம் காட்டினதை வீட்டுக்குக் கொண்டுபோறதா?" என்றேன். "கொடுத்ததைத் திருப்பி எடுத்தா குடும்பம் விளங்குமா? அதைக் கடல்லதான் விடணும்."

கமலம் தலையாட்டினாள். காப்புக் கட்டியிருக்கிறாளே, அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ரோசம்மா வெற்றிலையைத் துப்பினாள். உறையூர்க்காரி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

திரும்பும் வழியில் நான் விஷயத்துக்கு வந்தேன். பன்றிப் பட்டிக்குப் பக்கத்தில் ஓட்டைக் குடிசை எதற்கு, அங்கே நம்ம வீடு இல்லையா, மாடி இல்லையா, கிணறு இல்லையா என்றேன்.

"அங்க எனக்கு எந்த அறைக்கா?" என்றாள் கமலம்.

"என் அறையில படுத்துக்க."

"உன் அறை எது?"

சொல்ல வாயெடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே, புளிப்பானையும் நெல் மூட்டையும் வைக்கிற இடம். கல்யாணம், காதுகுத்து என்று விருந்தாளி வந்தால் அதுவும் கிடையாது, அடுப்படியில் படுப்பேன். பெட்டிக்குப் பூட்டுப் போட்டதற்கு அண்ணி ஒரு மாதம் பேசவில்லை. "யாருக்குப் பயந்து பூட்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருந்தாள்.

"அண்ணன் நல்லவருடி" என்றேன்.

"நல்லவர்தான். நான் அவரைக் குத்தம் சொல்லலை. ஆனா எலி வளையானாலும் தனி வளை வேணும்க்கா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூரை கிடைக்கலைன்னா உன்கூட வந்துடறேன். டிக்கெட் இருக்குல்ல."

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்த வேலை முடிந்ததே. பஸ்ஸின் ஜன்னலில் ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஊர் சேரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து ரோசம்மா சோடா வாங்கிக் கொடுத்தாள்.

நாடகத்தன்று பொழுது சாய்வதற்குள் திடல் நிறைந்துவிட்டது. பால்காரர்கள், வேலை முடிந்த லயன் ஆட்கள், கடைக்காரர்கள், பின்னால் மரக்கடைச் சீனர்கள்கூட; தங்கள் மரத்தூளை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்தார்களோ என்னவோ. முன்வரிசைப் பாயில் நானும் என் பக்கத்தில் அலமேலுவும். அலமேலு வெளுத்த புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்து, சுருட்டிய பாயை மடியில் வைத்திருந்தாள்.

ரோசம்மா புலித்தோலுக்குப் பதில் யாருடைய வீட்டு மெத்தை விரிப்பையோ சுற்றிக்கொண்டு வந்து ஒரு முழக்கம் முழங்கினாள் பாருங்கள், கட்டியிருந்த எருமை ஒன்று பதிலுக்குக் கத்திவிட்டது. முறங்கள் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. மரத்தூள் ஆர்மோனியக்காரர் மூக்கில் ஏறி, அவர் தும்மத் தும்ம ஆர்மோனியமும் அழுதது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடிவந்து பேச ஆரம்பித்ததும் அடங்கியது.

"புருசனுக்கு வேலை போச்சு, சாவியக் குடுன்னாங்க. குடுத்தேன்."

"அடுப்புல சோறு இருந்துச்சு. தீ வந்துச்சு. சோறோட விட்டுட்டு ஓடினேன்."

"எம் மகன் வீடுதான். அவன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலை. கதவுதான் சாத்தியிருந்துச்சு."

எத்தனையோ தடவை ஒத்திகையில் கேட்ட வார்த்தைகள்தான். அலமேலு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கமலம் வந்தாள். சிவப்புப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். கணவன் போனபின் அவள் குங்குமம் வைத்து இப்போதுதான் பார்க்கிறேன். ஓர் அம்மாள் முன்வரிசையில் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். மண்மாரி நின்றது. நான்கு பெண்கள் பின்னாலிருந்து கூரையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். புது ஓலை வாசம் எனக்கு எட்டியது. டீச்சர் ஓரத்தில் கற்பூரத் தட்டோடு தயாராக நின்றார்.

"வீடு இல்லாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றாள் கமலம்.

கூரையைத் தாங்கிய பெண்கள் ஓர் அடி முன்னே வந்தார்கள்.

"என் ஜனங்கள்ல வீடு இல்லாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அலமேலு மடியில் இருந்த பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என்னால் அந்தப் பாயைப் பார்க்க முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழே சுருட்டி வைத்துவிட்டு வந்த என் பாய் நினைவுக்கு வந்தது. அதுவும் விடியற்காலையில், வீட்டார் எழுவதற்குள் சுருட்டப்படுகிற பாய்தான். கோலம் போடுகிறவளும் நான்தான்.

மூன்றாம் தடவை கமலம் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். யோசித்துச் செய்ததில்லை. முழங்கால் அதுவாக நிமிர்ந்தது.

"எனக்கு இல்லை" என்றேன்.

திடலே சிரித்தது. "உறையூர் அக்கா விடமாட்டாங்கடி" என்று மேடையிலிருந்தே ஒருத்தி சொன்னாள். டீச்சர் உட்காரும்படி கையைக் காட்டினார். பிடிவாதக்காரி, கதையைத் தன் வழிக்குத் திருப்பப் பார்க்கிறாள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். அப்படி நினைக்க நானே நன்றாக வழி செய்து வைத்திருந்தேன்.

கமலம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள். குங்குமத்துக்குக் கீழே அவள் கண் நிறைவது எனக்குத் தெரிந்தது.

பிறகு என் பக்கத்தில் அலமேலு தரையில் கையூன்றி எழுந்தாள். "எனக்கும் இல்லை தாயே" என்றாள். சிரிப்பு நின்றது. பின்னால் எங்கேயோ ஒருத்தி எழுந்தாள். மேடையில் கூரையைத் தாங்கி நின்ற பெண்களில் ஒருத்தி, "எனக்கும்தான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப எனக்கும் வேணாம்" என்றாள் கமலம். நாடகத்தில் இல்லாத வசனம். "எடுத்துட்டுப் போங்க."

கூரை இறங்கியது. டீச்சர் கற்பூரத்தை ஏற்றவேயில்லை. தட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். யார் முதலில் கை தட்டினார்கள் என்று தெரியாது, மரக்கடைச் சீனர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வேஷம் கலைக்கும் இடத்தில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சொன்னதைச் சாதிச்சிட்டீங்கக்கா" என்று கேலி செய்தார்கள். நானும் ஆமாம் என்று வைத்தேன். மெத்தை விரிப்பைச் சுற்றியபடி வந்த ரோசம்மா ஓலைக் கூரையைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இது அம்மன் தலைக்கு மேல ஏறலை. கற்பூரமும் காட்டலை. அவங்களே வேணாம், எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. அப்ப எடுத்துக்கலாம்லா?"

எல்லாரும் உறையூர்க்காரியின் தீர்ப்புக்காகத் திரும்பினார்கள். கமலம் காப்புக் கட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினால் அவள் இங்கே இருந்துவிடுவாள். கப்பலில் நான் தனியாகப் போக வேண்டும். ஆட்டாவிட்டால் மாடிப்படிக்குக் கீழே இரண்டு பாய்.

"தாராளமா" என்றேன். "அம்மனே சொன்னப்புறம் நான் யாரு?"

மறுநாள் கீரை ஏற்றிவந்த லாரி திரும்பும்போது ஓலையும் நாங்களும் அதில் போனோம். சீன அம்மாளும் அவள் மருமகளும் ஏணி பிடித்தார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவளெல்லாம் கூரை போட வந்துவிட்டாள் என்று கமலம் என்னைச் சீண்டினாள். பிரம்பு இழுத்துக் கட்டியதில் என் உள்ளங்கை வெந்துபோயிற்று. கடைசிக் கட்டுப் போடுவதற்குள் மதிய மழை பிடித்துக்கொண்டது. ஐந்து பேரும் உள்ளே ஓடி, அண்ணாந்து நின்றோம். சத்தம் கேட்டது, சொட்டு விழவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. அது நான் கட்டிய மூலை.

அலமேலுவும் அவர்களோடு வந்துவிட்டாள். தோட்ட வேலைக்கு அவள் கை ஆகாது, ஆனால் வீடு என்றால் ஒருத்தி இருந்து பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றாள் ரோசம்மா.

நான் கிளம்பும் நாளன்று அந்த வீட்டில் நான்கு பாய்கள் இருந்தன. மூன்று விரித்திருந்தன. ஒன்று புதுசு, சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தது. "விருந்தாளி வந்தாக்கூட இதை யாருக்கும் தரமாட்டோம்" என்றாள் கமலம். "இது உன்னோடது." பன்றிப் பட்டி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவது போல முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் கப்பலில் எனக்குப் பக்கத்துப் படுக்கை காலி. கமலத்தின் டிக்கெட்டுக்கு உரியது. அதில் என் பெட்டியை வைத்தேன். பூட்டவில்லை.

உறையூரில் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கமலம் எங்கே?"

"அவ வீட்ல இருக்கா" என்றேன்.

அவர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அந்தி நேரத்தில் கோயிலுக்குப் போனபோது தூறல் போட ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். அம்மன் வழக்கம் போல நனைந்துகொண்டிருந்தாள். நான் முந்தானையைத் தலைக்குப் போடாமல் அவளெதிரே போய் நின்றேன்.

"தாயே, கமலத்துக்கு ஆயிடுச்சு. அலமேலுவுக்கும் ஆயிடுச்சு" என்றேன். "எனக்கும் அங்க ஒரு பாய் இருக்கு. எங்களுக்காக நீ இனிமே நனைய வேணாம்."

அம்மன் கேட்டுக்கொண்டாள். இன்னும் கூரை இல்லாமல்தான் இருக்கிறாள், மற்றவர்களுக்காக.